வீட்டு ஊடகச் சேவையகத்தைப் பைத்தானால் ஆளுதல்

ஒரு பொருள் வீட்டில் இருப்பது வேறு. வேண்டிய வேளையில் அது கைக்கு வருவது வேறு. இன்று பல குடும்பங்களில் திரைப்படங்களும் பாடல்களும் திருமண ஒளிப்பதிவுகளும் பாட்டன் பாட்டியர் பேசிய பேச்சுகளும் கணினி வட்டுகளில் நிறைந்து கிடக்கின்றன. நாடாக்களிலிருந்தும் குறுந்தகடுகளிலிருந்தும் பெயர்த்து வைக்கப்பட்டவை அவற்றுள் பல. ஆயினும் ஒன்றைக் காண விரும்பும்போது அது எந்த வட்டில், எந்தப் பெயரில் இருக்கிறது என்று தேடுவதிலேயே பொழுது கழிந்துவிடுகிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகின்ற நிலைதான் இது.

இக்குறையைத் தீர்க்க வந்ததே 'மீடியா சர்வர்' என்று பேச்சில் வழங்கும் ஊடகச் சேவையகம். அதனைத் தொலைக்காட்சியின் கைக்கருவியால் இயக்குவதோடு பெரும்பாலோர் மனநிறைவு கொள்கின்றனர். ஆனால், அச்சேவையகத்தோடு ஒரு கணினி மொழியின் வாயிலாக நேரே பேசவும் இயலும். அவ்வாறு பேசக் கற்றவர், நூறு முறை விசையை அழுத்திச் செய்யும் வேலையை ஐந்தாறு வரிகளில் முடித்துவிடுவார். அது மட்டுமன்று; தம் வீட்டிலுள்ள அக்கருவி யாருடைய சொல்லைக் கேட்கிறது, ஏன் கேட்கிறது என்பதையும் அவர் அறிந்துகொள்வார். முன்னையது வசதி, பின்னையது பாதுகாப்பு. இவ்விரண்டையும் ஈண்டு முறையாகக் காண்போம்.

சேவையகம் யாது?

சேவையகம் என்றதும், குளிரூட்டிய கூடத்தில் வரிசையாக நிற்கும் பெரிய பொறிகளைச் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. வீட்டில் ஒதுக்கி வைத்த பழைய கணினியும் சேவையகம் ஆகலாம். இடைவிடாமல் இயங்கி, பிற கருவிகள் கேட்பதைக் கொடுக்கக் காத்திருக்கும் ஒரு மென்பொருளே அதனைச் சேவையகம் ஆக்குகிறது.

அம்மென்பொருள் மூன்று தொழில்களைச் செய்கிறது. முதலாவது, வட்டில் உள்ள கோப்புகளை ஆராய்ந்து, பெயர், ஆண்டு, நடித்தவர், பாடியவர், ஓடும் நேரம் முதலிய விவரங்களோடு அட்டவணை எழுதுவது. இரண்டாவது, கேட்ட படத்தையோ பாட்டையோ தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் சிறிது சிறிதாக அனுப்புவது. மூன்றாவது, பெறும் கருவிக்குப் புரியாத வடிவில் ஒரு கோப்பு இருந்தால், அதனைப் புரியும் வடிவுக்கு அவ்வப்போதே மாற்றிக் கொடுப்பது. இம்மூன்றனுள் அட்டவணையே உயிர்நாடி. அட்டவணை சீராக இல்லையெனில், ஏனைய இரண்டும் பயன்படா.

இவ்வகை மென்பொருள்களின் வரலாறு நெடியதன்று. 2002ஆம் ஆண்டில் 'எக்ஸ்பாக்ஸ்' விளையாட்டுப் பெட்டிக்கெனத் தன்னார்வலர் சிலர் ஓர் ஊடக இயக்கியை எழுதினர். அது வளர்ந்து 'எக்ஸ்.பி.எம்.சி.' என்று பெயர் பெற்று, 2014இல் 'கோடி' எனப் புதுப்பெயர் பூண்டது. அதன் ஒரு கிளையாக, 'மாக்' கணினிக்கெனப் பிரிந்து வளர்ந்ததே 'பிளெக்ஸ்'. 'எம்பி' என்னும் மற்றொரு சேவையகம் தன் மூலநிரலைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து தோன்றியது 'ஜெல்லிஃபின்'. இவை எல்லாவற்றையும் நிரல் கொண்டு இயக்கலாம். முழுமையான பைத்தான் தொகுதி ஒன்று அமைந்திருப்பதால், பிளெக்ஸை நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அடிப்படை நெறி எல்லாவற்றுக்கும் ஒன்றே.

கேள்வியும் விடையும்

பிளெக்ஸ் சேவையகம் ஓடும் கணினிக்கு வீட்டு வலையமைப்பில் ஒரு முகவரி உண்டு. ஒரே கணினியில் பல மென்பொருள்கள் காத்திருக்குமாதலின், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயில் எண் உண்டு. பிளெக்ஸின் வாயில் எண் 32400. தெருவின் பெயரும் வீட்டு எண்ணும் எழுதினால் கடிதம் சேர்வதுபோல், கணினியின் முகவரியும் வாயில் எண்ணும் குறித்து அனுப்பிய கேள்வி சேவையகத்தை அடையும்.

நாம் வலைத்தளங்களைக் காணும்போது உலாவி எந்த நெறியில் கேள்வி அனுப்புகிறதோ, அதே எச்.டி.டி.பி. நெறியில்தான் இக்கேள்வியும் செல்கிறது. 'திரைப்படப் பிரிவில் உள்ளவற்றைத் தருக' என்று கேட்டால், சேவையகம் 'எக்ஸ்.எம்.எல்.' என்னும் வடிவில் நீண்டதொரு விடையைத் தரும். ஒவ்வொரு படத்துக்கும் அதில் ஓர் அடையாள எண் இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் ஒரே பெயருடைய இரு மாணவரைச் சேர்க்கை எண் வேறுபடுத்துவதுபோல், ஒரே பெயருடைய இரு படங்களை இவ்வெண் வேறுபடுத்தும்.

இவ்விடையை மனிதர் படித்துப் பொருள் காண்பது கடினம். குறிகளும் மேற்கோள்களும் நெருங்கிய அவ்விடையிலிருந்து ஒரு தலைப்பைப் பிரித்தெடுக்கவே கண் வலிக்கும். இங்கேதான் பைத்தான் துணைக்கு வருகிறது.

பைத்தானும் நிரல்தொகுதியும்

பைத்தான் என்பது ஆம்ஸ்டர்டாம் நகரில் கணிதத்துக்கும் கணினியியலுக்கும் அமைந்த ஆய்வு நிலையம் ஒன்றில் பணியாற்றிய கீடோ வான் ரோசம் என்னும் அறிஞர் ஆக்கிய மொழி. 1989ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அப்பணி, 1991 பிப்ரவரியில் வெளியீடு கண்டது. மலைப்பாம்பைக் கருதி இப்பெயர் இடப்படவில்லை. 'மான்டி பைத்தான்' என்னும் ஆங்கில நகைச்சுவைக் குழுவின் நினைவாகவே இடப்பட்டது. எளிமையும் தெளிவும் உடைய மொழியாதலின், தொடக்கநிலை மாணவருக்கும் இது ஏற்றதாயிற்று.

ஒரு மொழியில் பிறர் எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பை ஆங்கிலத்தில் நூலகம் என்றே கூறுவர். சேவையகத்தில் உள்ள படங்களின் திரட்டையும் அவ்வாறே நூலகம் என்பர். மயக்கம் நேராதிருக்க, முன்னதை நிரல்தொகுதி என்றும், பின்னதை நூலகம் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

பிளெக்ஸோடு பேச உதவும் நிரல்தொகுதியின் பெயர் 'பைத்தான் பிளெக்ஸ்ஏபிஐ'. இதனைப் பிளெக்ஸ் நிறுவனம் எழுதவில்லை. ஆர்வமுள்ள தொண்டர்கள் எழுதி, மூலநிரலை யாவரும் காணத் திறந்து வைத்துள்ளனர். ஆதலின், நிறுவனம் தன் சேவையகத்தை மாற்றினால், இத்தொகுதியில் ஒரு பகுதி சில நாள் பயன்படாமலும் போகலாம். இதனை முன்கூட்டியே அறிந்திருப்பது நன்று.

இத்தொகுதி ஒரு மொழிபெயர்ப்பாளரின் தொழிலைச் செய்கிறது. நாம் பைத்தானில் கூறுவதை எச்.டி.டி.பி. கேள்வியாக மாற்றி அனுப்புகிறது; எக்ஸ்.எம்.எல். விடையைப் பெற்று, பைத்தானில் கையாளத்தக்க பொருள்களாக மாற்றித் தருகிறது. அவ்வாறு கிடைக்கும் 'படம்' என்னும் பொருளை நோக்கி, 'உன் தலைப்பு யாது? ஆண்டு யாது? எத்தனை நேரம் ஓடுவாய்? உன்னைப் பார்த்தாயிற்றா?' என்று ஒவ்வொரு சொல்லால் கேட்கலாம். நிரல்தொகுதிக்கெனத் தனியாக ஓர் ஆற்றலும் இல்லை. சேவையகம் எதற்கு இசையுமோ அதை மட்டுமே அது செய்விக்கும்.

ஐந்து படிகள்

நிரல் எழுதப்படுவது ஆங்கில எழுத்தில். ஒவ்வொரு படியும் என்ன செய்கிறது என்பதை மட்டும் இங்கே தமிழில் கூறுவோம். பொருள் விளங்கிய பின், சொற்களை அத்தொகுதியின் விளக்கப் பக்கங்களில் கண்டுகொள்வது எளிது.

முதற்படி, பைத்தானோடு வரும் 'பிப்' என்னும் கருவியால் நிரல்தொகுதியைக் கணினியில் நிறுவுதல். இது ஒரே ஒரு வரிக் கட்டளை.

இரண்டாம் படி, சேவையகத்தோடு தொடர்பு கொள்ளுதல். இதற்கு இரண்டு செய்திகள் வேண்டும். ஒன்று, வாயில் எண்ணோடு கூடிய முகவரி. மற்றொன்று, 'டோக்கன்' எனப்படும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தொடர். டோக்கன் யாதென்பதைப் பின்னர் விரிவாகக் காண்போம். இப்போதைக்கு அதனைக் கதவின் சாவி என்று கொள்க.

மூன்றாம் படி, பிரிவைத் தேர்ந்தெடுத்தல். பிளெக்ஸ் நூலகம் திரைப்படம், தொடர், இசை, நிழற்படம் எனப் பிரிவுகளாக அமைந்திருக்கும். குடும்ப ஒளிப்பதிவுகளைத் திரைப்படப் பிரிவில் இடுதல் கூடாது. அங்கே இட்டால், 'இது எந்தத் திரைப்படம்?' என்று சேவையகம் இணையத்தில் தேடி, அக்காள் திருமணத்துக்கு யாரோ ஒரு நடிகரின் படத்தை அட்டையாக ஒட்டிவிடக்கூடும். 'பிற ஒளிப்பதிவுகள்' என்றொரு வகை இதற்கெனவே உள்ளது. அதில் கோப்பின் பெயரே தலைப்பாகும்.

நான்காம் படி, வேண்டியதைக் கேட்டல். 'இன்னும் பார்க்காத படங்களைத் தருக' என்பது ஒரு கேள்வி. 'அண்மையில் சேர்ந்தவற்றைத் தருக' என்பது மற்றொன்று.

ஐந்தாம் படி, கிடைத்தவற்றின்மீது கட்டளை இடுதல். பார்த்ததாகக் குறித்தல், தொகுப்பில் சேர்த்தல், தலைப்பைத் திருத்துதல், வரிசைப் பட்டியல் அமைத்தல் ஆகியவை இப்படியைச் சேர்ந்தவை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். வீட்டில் 400 படங்கள் உள்ளன. வெள்ளிக்கிழமை இரவு, இன்னும் பார்க்காதவற்றுள் இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்டவற்றை மட்டும் பட்டியலிட வேண்டும். சேவையகம் நேரத்தை மில்லி விநாடியில் குறிக்கிறது. ஒரு மணிக்கு 3,600 விநாடி. இரண்டு மணிக்கு 7,200 விநாடி. ஆகவே 7,200,000 மில்லி விநாடி. பார்க்காத படங்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றின் நேரமும் இவ்வெண்ணுக்குக் குறைவா என்று சோதித்து, குறைவானவற்றை 'வெள்ளிக்கிழமை' என்னும் பட்டியலாக அமைக்கும்படி கட்டளையிட்டால் போதும். நிரல் ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். வாரந்தோறும் குறித்த நேரத்தில் அதனை ஓட்டும்படி கணினியிடமே ஒப்படைத்தும் விடலாம். ஒன்றை நினைவிற் கொள்க: ஒரு பட்டியலில் ஒரே வகை ஊடகமே இடம்பெறும். பாட்டையும் படத்தையும் கலந்து வைக்க இயலாது.

பெயர் கொடுத்தவருக்கே வேலை

கூடத்தில் உள்ள தொலைக்காட்சியை நோக்கி 'இப்படத்தை ஓட்டு' என்று நிரலிலிருந்தே கட்டளையிடலாம். அதற்கு முதலில், எந்தெந்தக் கருவிகள் கட்டளைக்குக் காத்திருக்கின்றன என்று சேவையகத்தைக் கேட்க வேண்டும். அது ஒரு பட்டியலைத் தரும். தொடங்குநர் பலர் திகைப்பது இங்கேதான். தொலைக்காட்சியில் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டியலிலோ அதன் பெயர் இல்லை!

காரணம் எளிது. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்தவருக்கே அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கப்படும். லயத்தில் இருந்தும் பெரட்டுக்கு வராதவர் கணக்கில் சேரார். அவ்வாறே, 'நான் இருக்கிறேன், பிறர் என்னை இயக்கலாம்' என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் கருவியே அப்பட்டியலில் வரும். படம் பெறுவதற்கு அந்த அறிவிப்பு வேண்டியதில்லை. கட்டளை பெறுவதற்கு வேண்டும். எல்லாக் கருவிகளும் அவ்வாறு அறிவிப்பதில்லை. ஆகவே, பட்டியல் வெறுமையாக இருந்தால், நிரலைக் குறைகூறுமுன் அக்கருவியின் அமைப்பைப் பார்த்தல் வேண்டும்.

நிரல் ஏன் மெதுவாகிறது?

நூறு படங்களில் விரைந்து ஓடிய நிரல், ஈராயிரம் படங்களில் ஊர்வது உண்டு. இதன் காரணமும் அறியத்தக்கது. பட்டியலாகக் கேட்கும்போது, சேவையகம் ஒவ்வொரு படத்தைப் பற்றியும் முதன்மையான விவரங்களை மட்டுமே தருகிறது. பட்டியலில் வராத ஒரு விவரத்தை நிரல் கேட்டால், நிரல்தொகுதி நமக்குத் தெரியாமலேயே அப்படத்துக்கெனத் தனியாக ஒரு கேள்வி அனுப்பி, முழு விவரத்தையும் பெற்று வருகிறது. ஈராயிரம் படங்களுக்கு ஈராயிரம் தனிக் கேள்விகள்! கடைக்குச் சென்று பத்துப் பொருள்களை ஒரே நடையில் வாங்காமல், உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை நடப்பது போன்றது இது.

ஆதலின், வடிகட்டும் வேலையை இயன்றவரை சேவையகத்திடமே விட வேண்டும். எல்லாவற்றையும் வாங்கி வந்து நம் நிரலில் பொறுக்குவதைவிட, கேள்வியிலேயே ஆண்டையும் வகையையும் குறிப்பிட்டு, வேண்டியவற்றை மட்டும் பெறுவது சிறந்தது.

தமிழ்ப் பெயர்களின் தொல்லை

நம்மவருக்கே உரிய ஒரு சிக்கலை இங்குக் கூறுதல் வேண்டும். ஒரே பாடகரின் பெயரை ஆங்கில எழுத்தில் நால்வர் நான்கு விதமாக எழுதுவர். முன்னெழுத்தைச் சிலர் முன்னும் சிலர் பின்னும் இடுவர். சிலர் இடுவதே இல்லை. சேவையகத்துக்கு அவர்கள் நான்கு பாடகர்கள். 'இப்பாடகரின் பாடல்களைத் தருக' என்றால், கால்பங்குதான் கிடைக்கும். எனவே வீட்டில் ஒரே எழுத்து முறையை வகுத்துக்கொண்டு, மாறுபட்டவற்றை நிரலால் திருத்திவிடுதல் நலம்.

தமிழ் எழுத்திலேயே பெயரிட்டால் இத்தொல்லை நீங்குமன்றோ என்று கேட்கலாம். பெரும்பாலும் நீங்கும். 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3 முதல், அம்மொழியில் எல்லாச் சொற்றொடர்களும் யூனிகோடு முறையில் அமைந்துள்ளன; தமிழ்ப் பெயரைக் கையாளத் தனி ஏற்பாடு வேண்டியதில்லை. ஆனால் நுட்பமான ஓர் இடர் எஞ்சி நிற்கிறது. 'கொ' என்னும் எழுத்தை யூனிகோடில் இரண்டு வழிகளில் பதிக்கலாம். ககரமும் ஒகரக் குறி ஒன்றும் ஆக இரண்டு குறியீடுகளாகப் பதிக்கலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று குறியீடுகளாகவும் பதிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைத்தானுக்கோ இரண்டும் வேறு வேறு. மாக் கணினியின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்துப் பதிக்கும் வழக்கம் உடையது. அங்கிருந்து வந்த கோப்பின் பெயரும், நாம் விசைப்பலகையில் தட்டிய பெயரும் திரையில் ஒன்றாகத் தோன்றியும், 'இல்லை' என்றே நிரல் விடை தரும்.

இதற்கு மருந்து பைத்தானிலேயே உண்டு. 'யூனிகோடுடேட்டா' என்னும் உள்ளமைந்த தொகுதியில் வடிவத்தைச் சீராக்கும் செயற்கூறு ஒன்று இருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன்னர் இரு பெயர்களையும் 'என்.எஃப்.சி.' என்னும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால், கொ, கோ, கௌ முதலிய எழுத்துகளால் வரும் பிழை நீங்கும்.

ஆழம் அறிந்து காலை விடுக

இதுவரை கூறியவை நன்மை பயப்பன. இனி, எச்சரிக்கைக்குரியவற்றைக் காண்போம்.

நிரல்தொகுதியில் அழிக்கும் கட்டளையும் இருக்கிறது. அது அட்டவணையிலிருந்து பெயரை மட்டும் நீக்குவதன்று. வட்டில் உள்ள கோப்பையே நீக்குவது. தொலைக்காட்சித் திரையில் ஒன்றை அழிக்க முயன்றால், 'உறுதிதானா?' என்று ஒரு கேள்வி எழும். நிரலில் அவ்வாறு கேட்பவர் யாரும் இலர். ஒரு நிபந்தனையில் 'குறைவு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மிகுதி' என்று எழுதிவிட்டால், வேண்டாதவற்றை விட்டுவிட்டு வேண்டியவற்றை எல்லாம் அது வரிசையாகத் துடைத்துவிடும். திரைப்படம் போனால் மீண்டும் வாங்கலாம். மறைந்தவரின் குரல் போனால் எங்கே வாங்குவது?

ஆதலின் நான்கு நெறிகளைக் கைக்கொள்க. முதலாவது, பிளெக்ஸின் அமைப்பில் 'ஊடகத்தை அழிக்க இசைவு' என்றொரு விசை உண்டு. அதனை அணைத்தே வைக்க. அது அணைந்திருக்கும்வரை, நிரலின் அழிக்கும் கட்டளையைச் சேவையகம் ஏற்காது. இரண்டாவது, மாற்றம் செய்யும் எந்த நிரலையும் முதலில் ஒத்திகையாக ஓட்டுக. அதாவது, கட்டளையிடும் வரியை நிறுத்திவைத்து, எவையெவை அதற்கு உட்படும் என்னும் பெயர்களை மட்டும் அச்சிட்டுப் பார்க்க. மூன்றாவது, பெயர்கள் சரியாயின், ஒரே ஒரு கோப்பில் செய்து பார்த்த பின்னரே முழுமையும் செய்க. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் அன்றோ? நான்காவது, ஈடற்ற குடும்பப் பதிவுகளின் படி ஒன்று, சேவையகத்தோடு இணைக்கப்படாத வட்டில், இயன்றால் வேறொரு வீட்டில், இருத்தல் வேண்டும். சேவையகம் வழங்கும் இடமே அன்றிக் காக்கும் பெட்டகம் அன்று.

சாவி யாரிடம்?

டோக்கனைச் சாவி என்று முன்னர்க் கூறினோம். அச்சாவியின் தன்மையை இப்போது ஆராய்வோம். சேவையகம் நம் முகத்தைக் காண்பதில்லை, குரலைக் கேட்பதில்லை. வந்த கேள்வியோடு உரிய டோக்கன் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. இருந்தால், கேட்டவர் வீட்டுத் தலைவர். நிருவாகியின் டோக்கன் யார் கையில் இருக்கிறதோ, அவர் நூலகத்தைப் படிக்கலாம், மாற்றலாம், வீட்டில் யார், எதனை, எந்த நாளில் பார்த்தார் என்னும் வரலாற்றையும் எடுக்கலாம்.

இவ்வளவு ஆற்றல் வாய்ந்த தொடரைச் சிலர் நிரலின் முதல் வரியிலேயே எழுதி வைக்கின்றனர். பின்னர் ஐயம் கேட்பதற்காகவோ உதவும் எண்ணத்தோடோ அந்நிரலை அப்படியே பிறருக்கு அனுப்புகின்றனர். வீட்டுச் சாவியைக் கடிதத்தோடு உறையிலிட்டு அனுப்புவதற்கு இது நிகர். நிரல்தொகுதி இதற்கு வழி வைத்திருக்கிறது. டோக்கனைத் தனியான அமைப்புக் கோப்பு ஒன்றில் எழுதி வைத்தால், நிரல் ஓடும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அப்போது நிரலை யாருக்கும் காட்டலாம். சாவி வெளியே போகாது. குறிப்பிட்ட வலையமைப்பிலிருந்து வருவோரைச் சாவியே கேளாமல் உள்ளே விடும் அமைப்பும் பிளெக்ஸில் உண்டு. வசதி கருதி அதனைத் திறந்து வைத்தால், விருந்தினரின் கைப்பேசிக்கும் அக்கதவு திறந்தே இருக்கும்.

சாவியைக் காப்பதோடு பூட்டையும் பழுது பார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். இதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. கடவுச்சொற்களைக் காத்துத் தரும் 'லாஸ்ட்பாஸ்' என்னும் நிறுவனம் 2022இல் பெரிய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. வாடிக்கையாளரின் பெட்டகங்களுடைய படிகள் களவு போயின. களவாளிகள் நிறுவனத்தின் முன்வாயிலில் மோதவில்லை. அங்குப் பணியாற்றிய பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாக நுழைந்தனர். அக்கணினியில் இருந்த, பிறர் ஆக்கிய ஊடக மென்பொருளின் பிழையே அவர்களுக்கு வழி விட்டது என்று 2023 பிப்ரவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. அம்மென்பொருள் பிளெக்ஸ் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அப்பிழை யாது? விண்டோஸ் கணினியில் ஓடும் பிளெக்ஸ் சேவையகத்தில், நிருவாகியின் உரிமையைப் பெற்றுவிட்ட ஒருவர், தீங்கான ஒரு கோப்பை ஏற்றி, அதன் மூலம் தாம் விரும்பிய பைத்தான் நிரலை அக்கணினியிலேயே ஓட்ட முடியும் என்பதே. சேவையகம் தனக்குள் பயன்படுத்திய மொழியும் பைத்தானே. நம் வசதிக்குக் கட்டளை ஏற்கும் கருவி, பகைவரின் கட்டளையையும் அதே பணிவோடு ஏற்றது. இப்பிழை 2020 மே மாதத்திலேயே அறிவிக்கப்பட்டுத் திருத்தமும் வெளிவந்திருந்தது. திருத்தம் வந்த பின் ஏறத்தாழ 75 புதிய பதிப்புகள் வெளிவந்துவிட்டன என்று பிளெக்ஸ் நிறுவனம் கூறியது. அப்பொறியாளரின் வீட்டுக் கணினியிலோ அத்திருத்தம் ஏற்றப்படவே இல்லை. படம் பார்ப்பதற்காக வைத்த ஒரு மென்பொருளைப் புதுப்பிக்காமல் விட்டதன் விளைவு அது.

பிளெக்ஸ் நிறுவனத்தின் பயனர் தரவுகளும் 2022 ஆகஸ்டிலும் 2025 செப்டம்பரிலும் பிறர் கைக்குச் சென்றதுண்டு. இருமுறையும் கடவுச்சொல்லை மாற்றும்படி அந்நிறுவனமே பயனர்களைக் கேட்டுக்கொண்டது. சாவி தரும் கடை வெளியே இருக்கும்வரை, அக்கடையின் நலமும் நம் நலத்தோடு பிணைந்ததே. ஜெல்லிஃபின் போன்ற சேவையகங்களில் கணக்கும் கடவுச்சொல்லும் நம் வீட்டுக் கணினியிலேயே இருக்கும். அதனால் அவ்விடர் குறையும். ஆனால் பூட்டைப் பேணும் பொறுப்பு முழுவதும் நம் தலையில் வரும். எதனைத் தேர்ந்தாலும் பொறுப்பு நீங்குவதில்லை, கைமாறுகிறது, அவ்வளவே.

செய்யத்தக்கது

எனவே, வீட்டில் சேவையகம் வைத்திருப்போர் முதற்கண் நான்கு வேலைகளைச் செய்வாராக. சேவையகத்தின் பதிப்பைப் பார்த்து, பழையதாயின் உடனே புதுப்பிக்கவும். நீண்ட கடவுச்சொல்லோடு இரண்டாம் சரிபார்ப்பையும் அமைக்கவும். அழிக்கும் விசை அணைந்திருக்கிறதா என்று காணவும். டோக்கன் எந்தெந்தக் கோப்புகளில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடி, இருக்கத் தகாத இடங்களிலிருந்து அதனை நீக்கவும். இவற்றை முடித்த பின் நிரல் எழுதத் தொடங்கலாம்.

முதல் நிரல் மாற்றம் எதனையும் செய்யாததாக இருக்கட்டும். நூலகத்தில் எத்தனை பிரிவுகள், ஒவ்வொன்றிலும் எத்தனை உருப்படிகள், பெயரில்லாமல் கிடப்பவை எவை என்று கேட்டு அச்சிடும் நிரல் போதும். அதனை வீட்டிலுள்ள மாணவர் ஒருவர் எழுதட்டும். முதியவர் பக்கத்தில் அமர்ந்து, பெயரில்லாத பதிவுகளுக்குப் பெயர் சொல்லட்டும். 'இது எந்த ஆண்டுத் திருவிழா, இதில் பாடுவது யார்' என்பதை எந்த நிரல்தொகுதியும் அறியாது. அதனை அறிந்தவர் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சேவையகம் எழுதும் அட்டவணைக்கு அவர்களுடைய நினைவே மூலம்.